மீன் ஐஸில் வந்த பொட்டாசியம்

உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளின் அடியில் யார் கையெழுத்து இருக்கிறது என்று என்றாவது பார்த்திருக்கிறீர்களா?

சங்ககிரியில் ஒரு தனியார் பரிசோதனை நிலையம். அங்கே சௌந்திரம் பதினாறு வருடமாக ரத்தம் பார்க்கிறாள். கையெழுத்துப் போடுவது ஆறு மாதத்துக்கு முன் பட்டத்தோடு வந்த நர்மதா. சௌந்திரத்திடம் இருப்பது டிப்ளமோ. நர்மதாவின் வெள்ளைக் கோட்டில் பெயர் தைத்திருப்பதும், டாக்டர் அவளை மட்டும் 'மேடம்' என்பதும் சௌந்திரத்துக்கு வயிற்றெரிச்சல். "ஒரு நாளைக்கு மாட்டுவாள்னு காத்துக்கிட்டே இருந்தனுங்க" என்று என்னிடமே சொன்னாள்.

சித்திரையில் அந்த நாள் வந்தது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் சென்னிமலை என்ற லாரி டிரைவருக்கு ஜேடர்பாளையத்தில் காலையில் எடுத்த ரத்தம், மதியம் பஸ்ஸில் வந்தது. பொட்டாசியம் 7.1. இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு. நர்மதா கையெழுத்திட்டாள். டாக்டர் போனிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்.

சௌந்திரம் டியூபைத் தொட்டாள். சில்லென்றிருந்தது, மீன் வாடை. வெயிலில் கெட்டுவிடும் என்று, ரத்தம் எடுத்த ஆள் அந்த ஊர் அணைக்கட்டு மீன் கடை ஐஸுக்குள் புதைத்து அனுப்பியிருந்தான்.

ரத்த அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே பிளாஸ்மாவில் இருப்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். அதை உள்ளே பிடித்து வைக்க அணுவுக்கு உடம்புச் சூடு வேண்டும். பிரிக்காத ரத்தத்தை மணிக்கணக்கில் குளிரில் வைத்தால் பொட்டாசியம் வெளியே கசியும். அணு உடைந்தால் பிளாஸ்மா சிவக்கும்; இப்படிக் கசிந்தால் தெளிவாகவே தெரியும். மெஷினுக்கு இது தெரியாது. சௌந்திரத்துக்குத் தெரியும்.

"அஞ்சு நிமிசம் வாயே தொறக்கலைங்க. மாட்டட்டும்னுதான்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

ரிப்போர்ட் வாங்க வந்திருந்த சென்னிமலை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்கம்மிணி, நல்லாத்தான இருக்கறன்? ஆம்புலன்ஸ் எதுக்குங்க? லோடு நிக்குது."

"உக்காருங்கண்ணா, கைய நீட்டுங்க" என்றாள் சௌந்திரம். புதிதாக எடுத்து, உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தாள். 4.2. சரியான அளவு.

ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. நர்மதா போனில் சொன்னாள்: "ஆமாங்க டாக்டர், சந்தேகம் வந்துச்சு, மறுபடி பார்த்தோம்." டாக்டர் மேடத்தைப் பாராட்டினார். புதிய தாளிலும் அவள் கையெழுத்தே.

"இப்பவும் எரியுதுங்களா?" என்று சௌந்திரத்திடம் கேட்டேன்.

"முன்னைவிட."

எரியட்டும். அந்தப் பொறாமையை நான் குறை சொல்ல மாட்டேன். பதினாறு வருடத்துக்குத் தாளில் ஒரு வரி இடம் தராதவர்களைச் சொல்வேன். அடுத்த முறை ரிப்போர்ட் வாங்கும்போது கேளுங்கள்: ரத்தம் எப்போது எடுத்தது, ஐஸில் வந்ததா, பரிசோதித்தவர் யார்? அந்தப் பெயரையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதும்வரை கவுன்டரை விட்டு நகராதீர்கள்.