அரை வோல்ட்டில் கூப்பிட்ட குரல்

விகாதிக்குத் தொழில் லாண்டரி, பைத்தியம் ரேடியோ. எங்கள் எரிமலைச் சரிவில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள் எல்லாரும் குன்றின் மேலுள்ள ரிப்பீட்டர் வழியாகத்தான் பேசிக்கொள்வோம். அது குரலை வாங்கித் திருப்பி அனுப்பினால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் போகும். அதைப் பராமரிப்பவள் விகாதி. ஏணி பிடிக்க நான்.

அன்று காலை கித்தோ பேசியதிலிருந்தே அவளுக்கு ரிப்பீட்டர் மேல் சந்தேகம், அதனால்தான் குன்றேறியிருந்தோம். கித்தோ அவள் கொழுந்தன். மலையில் மழை பிடித்தால் வாக்கிடாக்கியோடு மேட்டில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பான். சேற்று வெள்ளம் புறப்பட்டால், கீழே படுகையில் மணல் அள்ளுகிறவர்களுக்கு அவன்தான் சொல்லவேண்டும். ஊர் ஆண்களில் பாதிப்பேர் அங்கேதான்.

"கித்தோ சத்தமே காணோமே?" என்றேன்.

"வெள்ளம் வரலேன்னா என்னத்தப் பேசுவான்? குறட்டை விடுவான். நீங்க ஏணிய ஆட்டாம புடிங்கண்ணே, நான் விழுந்தா உங்க வேட்டிய யார் தோய்க்கிறது?"

ஏறி இறங்கியவள் ஆண்டெனா கேபிளின் முனையைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே தண்ணீர். துடைத்து மாட்டிவிட்டு, ரிசீவரில் மீட்டரை வைத்தாள். வருகிற குரலின் பலத்துக்கு ஏற்ப அங்கே வோல்ட் ஏறும். ஒரு வோல்ட்டைத் தொட்டால்தான் ரிப்பீட்டர் திறக்கும், தொடாவிட்டால் செவிடுதான்.

ஸ்பீக்கரில் யார் குரலும் கேட்கவில்லை. ஆனால் முள் அரை வோல்ட்டுக்கு எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

"அண்ணே... யாரோ கூப்பிடுறாங்க," என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

திருகாணியைத் திருப்பித் திறக்கும் அளவைக் கீழே இறக்கினாள். இரைச்சலுக்குள்ளிருந்து கித்தோவின் தொண்டை கிழிந்த குரல்: "ஏறுங்கய்யா! வந்துருச்சு! ஏறுங்க!"

படுகையில் இருந்த ரேடியோ செட்டிலும் அதே நொடி அந்தக் குரல் கேட்டிருக்கிறது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு எல்லாரும் கரையேறிவிட்டார்கள். மணல் லாரி ஓட்டும் பரிமான் மட்டும் லாரியை எடுக்க ஓடினார். லாரியும் இல்லை, அவரும் இல்லை.

சாயங்காலம் கித்தோ இறங்கி வந்ததும் விகாதி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதில் வரலேன்னா பைக்க எடுத்துக்கிட்டு கீழ ஓடி வரமாட்டியாடா? எருமை மாதிரி அங்கயே நின்னு கத்திக்கிட்டிருந்தியா?"

"காலைல நீங்கதானே அண்ணி அம்பத்தொம்பதுன்னு சொன்னீங்க? கேட்டுருச்சு, எல்லாரும் ஏறிக்கிட்டிருப்பாங்க, பதில் சொல்ல நேரமிருக்காதுன்னு நெனச்சேன். இருந்தாலும் மனசு கேக்காமத்தான் விடாம கூப்பிட்டேன்."

ஐம்பத்தொன்பது என்பது ரேடியோவில் முழு மதிப்பெண். யார் குரல் எப்படிக் கரகரத்தாலும் நாங்கள் அதைத்தான் சொல்வோம். குறைத்துச் சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் சோறு வேகவில்லை என்பது மாதிரி. மழைக்காலம் முழுக்கக் கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்ன மரியாதையோ, நாசமாய்ப்போன மரியாதை!

விகாதியின் கை அவன் சட்டையை விட்டது.

"காலைல நீ பேசுனது பாதிதாண்டா கேட்டுச்சு," என்றாள்.