பதினேழாம் எண் ராட்செட்

இங்கே மாலையில் வேலை முடிந்ததும் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதில்லை. "எண்ணியாச்சா" என்றுதான் கேட்கிறார்கள். வளைகுடாக் கரையோரம் உள்ள ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் ஹாங்கரில், அதாவது விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையில், நான் மெக்கானிக். இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் சின்ன விமானங்கள். கருவிப் பெட்டியின் இழுப்பறைகளில் ஸ்பாஞ்சை ஸ்பேனர் வடிவிலும் ஸ்க்ரூ டிரைவர் வடிவிலும் வெட்டிப் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு கருவியிலும் எண் பொறித்திருக்கும். ஒரு குழி காலியாக இருந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. எங்கள் ஊர் வல்லத்தில், எங்கள் மண்வெட்டி மல்லாட்டை விதைக்கும்போது பக்கத்து நிலத்துக்குப் போனால், பிடுங்கும்போதுதான் திரும்பி வரும். வராவிட்டாலும், எந்த வரப்பிலாவது கிடக்கும் என்று அப்பா விட்டுவிடுவார்.

"சிரிக்காத தம்பி. உள்ள ஒரு ஸ்பேனர் கெடந்து வாலத் திருப்பற கேபிள்ல மாட்டிச்சின்னா, ஓட்டறவன் கத முடிஞ்சுது" என்று சொன்னவர் நசீர் பாய்.

கோட்டக்குப்பத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் வந்திறங்கிய அன்று என் பெயரைத் தமிழில் எழுதிய அட்டையோடு விமான நிலையத்தில் நின்றிருந்தார். நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தோம். வியாழக்கிழமைகளில் அவர் மீன் குழம்பு வைப்பார், நான் பாத்திரம் கழுவுவேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், நான் ஒரு விமானத்தின் வால் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்து விமானத்தில் அவர் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட் முடுக்கும் சின்ன ராட்செட் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. அவர் கையெழுத்துப் போட்டு எடுத்திருந்த பதினேழாம் எண் ராட்செட்டை, "பாய், ஒரு நிமிஷம்" என்று வாங்கினேன். மாலையில் எண்ணும்போது பதினேழாம் குழி காலி.

தலைமை எஞ்சினியர் டேவிட் எங்களைக் கூப்பிட்டார். நான் வாங்கியதை நசீர் பாய் சொன்னார். "திருப்பிக் கொடுத்துவிட்டேன், சார்" என்றேன் ஆங்கிலத்தில். கொடுத்தது எனக்கு ஞாபகம் இல்லை. கொடுக்காததும் ஞாபகம் இல்லை. லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பயத்தில் வந்த சொல், உறுதியான சொல்லாக வெளியே விழுந்துவிட்டது. இரண்டு நாள் தேடினோம். என் விமானத்தின் வாலை நானே டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்த்து, இல்லை என்றேன். பதிவேட்டில் இருந்தது அவர் கையெழுத்து. அவர்தான் எடுத்துக்கொண்டார் என்று முடிவு செய்தார்கள். அந்த மாதமே அவருடைய விசா ரத்தானது.

பெட்டி கட்டும்போது ஒரே ஒரு முறை கேட்டார். "நல்லா யோசிச்சுப் பாரு தம்பி."

"குடுத்த மாதிரிதான் இருக்கு பாய்" என்றேன். அவர் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார்.

இந்த வருடம் புதிய போர்ஸ்கோப் ஒன்று வாங்கினார்கள். விரலைவிட மெலிந்த நீளமான குழாய். நுனியில் விளக்கும் கேமராவும். பார்ப்பதற்குக் கையில் ஒரு திரை. பழையது குட்டை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய துளை வழியாக எஞ்சினுக்குள் பார்க்க மட்டுமே உதவும். புதியதை வால் முழுக்க விட்டுப் பார்க்கலாம். கடற்காற்றில் உலோகம் அரித்திருக்கிறதா என்று நான் அன்று வேலை செய்த அதே விமானத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் சாம்பல் நிறத் தகடு, வரிசையாக ரிவெட்டுகள், மணல், ஒரு குளவிக் கூடு. நுனியைத் திருப்பினேன். ஒரு மடிப்புக்குள் ஏதோ பளிச்சென்றது. இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனேன். ஒன்று. ஏழு.

கேபிளுக்கும் அதற்கும் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கலாம். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு வருடமாக அந்த விமானத்தில்தான் பறந்து பழகினார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. கொக்கி போட்டு எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனாலும் டேவிட்டைக் கூப்பிட்டேன்.

திரையைப் பார்த்ததும் என் தோளில் தட்டி, "குட் கேட்ச்!" என்றார்.

"இட் வாஸ் மீ, சார்" என்றேன், அதை விட்டது நசீர் பாய் இல்லை, நான்தான் என்ற அர்த்தத்தில்.

"ஆமாம், நீயேதான்! வெல் டன்!" என்று கையைக் குலுக்கினார். கண்டுபிடித்த பெருமையை நான் கேட்டு வாங்குவதாக நினைத்துக்கொண்டார். மறுநாள் கேன்டீனுக்குப் போகும் நடைவழிச் சுவரில் என் போட்டோவோடு பாராட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. டேவிட்டின் அறைக்குப் போய் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக விளக்கினேன். "விமானம் பத்திரமாக இருக்கிறது. பழையதைக் கிளறினால் உன் லைசென்ஸையும் கிளறுவார்கள்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. நோட்டீஸ் அப்படியே இருந்தது.

லீவில் ஊருக்குப் போனபோது கோட்டக்குப்பத்தில் நசீர் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவோரம் நின்று, "திண்டிவனத்துல மோட்டாரு ரிப்பேர் கட வச்சிக்கினு இருக்காருங்க" என்றார். மதியம் போய்ச் சேர்ந்தேன். நீர்மூழ்கி மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்த ப்ளேனு?" என்றார் முதலில். சொன்னேன்.

"புள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

"இல்ல பாய்."

"அல்லா காப்பாத்தினான்." கையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியல பாய். தெரியலன்னு சொல்லியிருக்கணும். குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

அவர் கழற்றிய நட்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். "ஊர்ல யாரு இன்னா பேசனாலும் பரவால்ல தம்பி. எம் பொண்ணு கேட்டா. 'அத்தா, நீங்க எடுத்தீங்களா'ன்னு. அதுக்கப்புறம் அதப் பத்தி அவளும் பேசல, நானும் பேசல."

திரும்பவும் அங்கே வேலைக்குக் கூப்பிடச் சொல்லி நான் பேசிப் பார்ப்பதாகச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டி, பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "அவளுக்கு எழுதிக் குடு. தமிழ்லயே எழுது."

ராட்செட்டை விட்டது நான்தான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "வெயில்ல நிக்காத, கெளம்பு" என்றார். படியிறங்கும்போது, "சுவத்துல உம் போட்டோ இன்னும் இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மறுபடி மோட்டாரின் பக்கம் குனிந்துவிட்டார்.

மீதமிருந்த லீவு நாட்களில் திண்டிவனம் வரை இரண்டு முறை போக வேண்டியிருந்தது. இரண்டு முறையும் அவர் கடைத் தெருவைத் தவிர்த்து அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இங்கே திரும்பி வந்தபின் மதியம் எல்லோரும் அந்த நோட்டீஸ் ஒட்டிய குளிரூட்டிய நடைவழியில் கேன்டீனுக்குப் போகிறார்கள். நான் மட்டும் ஹாங்கரின் பின்கதவைத் திறந்துகொண்டு, கொதிக்கும் சிமென்ட் தரையில் வெளியே சுற்றிக்கொண்டு போகிறேன்.