படகுத்துறையில் இருந்த கல்

ஊர் பெரிதாக்கிவிடுமோ என்று பயந்து இத்தனை வருடம் அம்மாவின் கல்லைப் பற்றி எழுதவில்லை.

நேற்று அம்பாங் ஏரிப் பூங்காவில் மகள் பலகையைப் படித்தாள்: “முன்னாடி இது ஈயம் தோண்டின குட்டையாம்பா.” அந்த ஈரச்சேற்று வாடையில், என் அப்பா சுரங்க வேலைக்குப் போனதும் இதே கரையில் அம்மனென்று மஞ்சள் பூசிய கல்லுக்கு விளக்கேற்றி, அவர் சைக்கிள் மணி கேட்கும்வரை திரியைத் தூண்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் அம்மா நினைவுக்கு வந்தார். அம்மன் ஒருநாளும் கைவிட்டதில்லை. பூங்கா கட்டியபோது கல் போய்விட்டது.

படகுத்துறையில் செருப்பைக் கழற்றினேன்.

“என்னப்பா, கோயிலா இது? எல்லாரும் பார்க்கிறாங்க லா!”

“எங்கம்மா கும்பிட்ட கல்லு இங்கதான்மா இருந்துச்சு.”

அவளும் சப்பாத்தைக் கழற்றினாள்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், அங்கே கோயில் இருந்ததென்று கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு கல்லும் அம்மாவின் விளக்கும்தான் இருந்தன. அப்படியே சொல்லுங்கள்.