குடல் தட்டாத காலை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குமுதாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கையைத் தெரியாதவர்கள் குறைவு. காலையில் பள்ளிக் கேண்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டும் அதே கைதான் சாயங்காலம் குடல் தட்டும். குழந்தை சாப்பிடாமல் சிணுங்கினாலும் லாரிக்காரர்களுக்கு வயிறு இழுத்துப் பிடித்தாலும், குடல் ஏறிவிட்டது என்று அவளிடம் வந்துவிடுவார்கள். விளக்கெண்ணெய் தடவி, தொப்புளைச் சுற்றி உருவித் தட்டி விடுவாள். காசு வாங்கமாட்டாள், பெருமையை மட்டும் கொஞ்சம் வாங்கிக்கொள்வாள்.

நிரந்தர வாடிக்கையாளர் அவள் கணவன் விக்னேஸ்வரன்தான். கல்யாணமான புதிதிலிருந்தே, சாப்பிட்ட பிறகு திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவான். அவள் தட்டுவாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ கேட்பான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிறு சமர்த்தாக இருக்கும். வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

போன மாதம் ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷஹீதாதான் துருவித் துருவிக் கேட்டார். "வலி இருக்கும்போது ஸ்கேன் எடுத்திருக்காங்களாக்கா?"

இல்லை.

"வலி போன பிறகுதான் எல்லாரும் பாத்திருக்காங்க. சிலருக்குப் பொறக்கும்போதே வயித்துக்குள்ள ஒரு பை மாதிரி இருக்கும். ரொம்ப அபூர்வம். குடல் அதுக்குள்ள போய் மாட்டி, தானா வெளிய வருதோன்னு சந்தேகமா இருக்கு. அடுத்த தடவ வலிச்சா தட்டாதீங்க. அப்படியே கொண்டு வாங்க. மாட்டுன குடலுக்கு ரத்தம் போகலன்னா அழுகிடும்."

அந்தக் கடைசிச் சொல் அவளோடு வீட்டுக்கு வந்தது. சோறு போடும்போதெல்லாம் அவன் முகத்தையே பார்த்தாள்.

தைப்பூசம் முடிந்த ஞாயிறு காலை. தோசை தின்ற கையோடு விக்னேஸ்வரன் தரையில் விழுந்தான். பச்சையாக வாந்தி எடுத்தான்.

"தட்டி விடு லா, குமுதா..."

கை தானாக எண்ணெய்ப் புட்டியை எடுத்துவிட்டது. அதை அப்படியே போட்டுவிட்டு, கார் சாவியைத் தூக்கினாள்.

வழியில் கெஞ்சினான், பிறகு திட்டினான். "ஊரான் வயித்தெல்லாம் தடவுற. புருஷன் வயிறுன்னா கசக்குதா?"

பாதி வழியில், சிம்மோர் ஊரைத் தாண்டியதும் திட்டு நின்றுபோனது. குமுதா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். தட்டியிருந்தால் இந்நேரம் எழுந்து உட்கார்ந்திருப்பானோ? தட்டாமல் விட்டு, நானே கொல்கிறேனோ? காரை ஓரங்கட்டித் தட்டிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"திட்டுங்க... ஏதாச்சும் திட்டுங்க!" என்று கத்திக்கொண்டே ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஷஹீதா படத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "சிறுகுடல் பாதி, இடது பக்கப் பையில சிக்கியிருக்கு. வலியோட வந்ததாலதான் தெரியுது. உடனே ஆபரேஷன்."

குமுதா ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே, இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மதியம் டாக்டர் வந்தார். "கறுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. வெளிய எடுத்ததும் நிறம் திரும்பிருச்சு. வெட்டல. பையோட வாயத் தச்சிட்டோம்."

"இத்தன வருஷமா நான் தட்டித்தான சரியாச்சு டாக்டர்?"

"அதுவா வெளிய வந்திருக்குக்கா. இன்னிக்கு வரல."

சாயங்காலம் விக்னேஸ்வரன் கண் திறந்தான். "வலிக்குது," என்றான்.

குமுதா சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வயித்த இல்ல லா," என்றான் அவன். "தலையத் தடவு."