பார்க்காத பறவையின் கணக்கு

ஆமாம், குற்றால மலையில் மிச்சமிருக்கும் இருவாச்சிப் பறவைகளை எண்ணும்போது கண்ணால் பார்க்காததையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் நுழைந்து வாசலை அடைத்துக்கொள்ளும். உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்துவிடும்; பறக்க முடியாது. ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும். பழத்தோடு ஓர் ஆண் பறந்தால் நான் இரண்டு என்று எழுதுவேன்.

இன்று தென்காசி போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்தவரின் சாக்கிலிருந்து இருவாச்சியின் பெரிய மஞ்சள் அலகு நீட்டிக்கொண்டிருந்தது.

"சேவல், தாயி. மூட்டுவலித் தைலத்துக்கு. சுடும்போது வாயில அத்திப்பழம் வச்சிருந்துச்சு."

"பொந்துக்குள்ள பொட்டை இருக்குமே, அண்ணாச்சி?"

"அதை நாங்க தொடமாட்டோம்லா. இனம் பெருகாண்டாமா?"

பெருமையாகத்தான் சொன்னார்.

இனி அதற்கு யார் இரை கொடுப்பது என்று கேட்டேன்.

"நீங்க தூக்குவாளியில சோறு கொண்டுபோய்க் குடுங்கம்மா" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

"எந்த மரம், அண்ணாச்சி?"

"அஞ்சருவிக்கு மேல. அங்கன நிக்குத மரத்துல எதைன்னு சொல்ல?"

அவர் சுட்டது ஒன்று. நான் எத்தனையைக் கழிப்பது, நீங்களே சொல்லுங்கள்.

மேலகரத்தில் இறங்கி, எதிரே வந்த குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன்.