ரிஜெக்ட் ஆன ஏரிப் புத்தகம்

எங்கள் பல்கலைக்கழகத்தை ஒரகடம் சாலையிலிருந்து பார்ப்பவர்கள் இன்னொரு தொழிற்சாலை என்றுதான் நினைப்பார்கள். உள்ளே வந்து பார்த்தவர்களும் கருத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. கட்டடம் கட்டடமாகப் பொறியியல். ஓரமாகக் கலைப்புலம் என்று ஒன்று உண்டு; அதில் ஒன்றரைப் பேர். அந்த அரை நான். என்னுடைய மீதி அரை, படப்பை வழிப் பேருந்துகளின் பொறுப்பாளர்.

இந்த அரை ஆளாகிய நான்தான் பதிவாளர் அறை வாசலில் மாதக்கணக்கில் நின்று, பல்கலைக்கழகத்தை ஒரு நூலகக் கூட்டமைப்பில் உறுப்பினராக்கினேன். வரலாறு, இலக்கியம், தத்துவம் என்று வருமானத்துக்கு வாய்ப்பில்லாத துறைகளில் ஆராய்ச்சி செய்பவர்களுக்காகப் பல பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து நடத்துவது அது. ஒருவரிடம் உள்ள புத்தகத்தை இன்னொருவர் கூரியரில் வரவழைத்துப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம். எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் பதிவாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதனால் ஏதாவது கம்பெனி கேம்பஸுக்கு வருமா? வராது என்றேன். ஓராண்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். ஒரு புகார் வந்தாலும் அதோடு சரி என்றார்.

முதல் புத்தகமாக, இந்த வட்டாரத்து ஏரிகளைப் பற்றிய ஒரு பழைய அச்சுநூலைக் கேட்டேன். கூட்டமைப்பிலேயே ஒரே பிரதி, வெளிமாநில நூலகம் ஒன்றில் இருந்தது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, திருப்பும் தேதி தவறினால் புகார் உங்கள் பதிவாளருக்குப் போகும் என்று எழுதி அனுப்பி வைத்தார்கள்.

பெட்டி வந்து சேர்ந்துவிட்டது என்று செல்பேசி சொன்னது. நூலகத்தில் பெட்டி இல்லை. விசாரித்தால், பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் கொடுத்திருக்கிறார்கள். மேப்பில் எங்கள் பல்கலைக்கழகத்தின் புள்ளி அவர்கள் கேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்கு வரும் பிரியாணியெல்லாம் அங்கே போய்த்தான் வரும். வராமல் போனதும் உண்டு.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி என்னை உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"பொட்டி வந்துகீது சார். என்ட்ரி போட்டு உள்ளயும் பூட்சி. இனிமே அது உன்னுது இல்ல, கம்பெனிது."

உள்ளே தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கம். யாரோ சப்ளையர் அனுப்பிய மாதிரி பாகம் என்று நினைத்து, சோதனை பாக்கி என்று மஞ்சள் அட்டை கட்டிச் சோதனை மேசையில் வைத்திருந்தார். வரைபடம் வந்தால்தான் அளந்து பாஸ் பண்ண முடியுமாம். இது புத்தகம் என்றேன். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவர்கள் சிஸ்டத்தில் புத்தகம் என்று பதிய இடமில்லை.

"அப்போ எப்படித்தாம்மா வெளிய வரும்?"

"ரிஜெக்ட் ஆனா வந்துரும் சார். ஆனா உங்க கைக்கு வராது. அனுப்புனவங்களுக்குத்தான் போவும்."

மஞ்சள் அட்டையோடு இருந்தால் தேதி தவறிப் புகார் வரும். உறுப்பினர் கதை முடிந்தது. ரிஜெக்ட் என்று சிவப்பு அட்டை விழுந்தால், நான் முதல் பக்கத்தைக்கூடப் பார்க்காமல் புத்தகம் ஊர் திரும்பும். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகியிருக்க வேண்டும். ரிஜெக்ட் செய்யுமுன் சப்ளையர் தரப்பில் ஒருவர் நேரில் வந்து பாகத்தைப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்றொரு விதியைச் சொன்னார். எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று கேட்டேன்.

"அது பாகத்தைப் பொறுத்தது சார்," என்றார், சிரிக்காமல்.

திருப்பித் தரும்வரை புத்தகத்துக்கு நான்தான் பொறுப்பு என்கிறது கூட்டமைப்பின் விதி. ஆகவே நான் சப்ளையர் தரப்பு ஆனேன். அந்த வாரம் முழுக்க, தலையில் ஹெல்மெட்டும் காலில் இரண்டு நம்பர் பெரிய, பத்தாம் நம்பர் பாதுகாப்பு ஷூவுமாக, அவர்களுடைய அளவு பார்க்கும் அறையில் உட்கார்ந்து படித்தேன். தூசி கிடையாது. ஏசி ஒரே சீராக ஓடியது. கையுறை பெட்டி பெட்டியாக இருந்தது. எங்கள் நூலக வாசிப்பறையில் வாரத்துக்கு நாலு நாள் நேர்முகத் தேர்வுப் பயிற்சி நடக்கும். தொழிற்சாலையில் கிடைத்தது போன்ற ஓர் ஆய்வு நூலகத்தை நான் ஆயுளில் பார்த்ததில்லை.

டீ நேரத்தில் அந்தப் பெண்ணும் எட்டிப் பார்ப்பார். வல்லம் வடகால் பக்கத்து ஏரி ஒன்றின் கரை எந்த வழியாகப் போனது என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, ஜன்னல் வழியே டூவீலர் ஸ்டாண்டைப் பார்த்தார். மழை பெய்தால் அங்கே சீட் வரை தண்ணீர் நிற்கும். அதற்காக மூன்று கான்டிராக்டர்களை மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ரிஜெக்ட் பண்ண மனசு வரவில்லை என்று இழுத்தார். பிளான்ட் மேனேஜரிடம் புத்தகத்தையே காட்ட வேண்டுமாம். தேதியைச் சொல்லிக் கெஞ்சி நான்தான் ரிஜெக்ட் பண்ண வைத்தேன். ஒரு புத்தகத்தை நிராகரிக்கச் சொல்லி ஒரு வாசகனே மன்றாடியது அனேகமாக அதுதான் முதல் தடவை.

சிவப்பு அட்டையில் காரணம் எழுதினார்: நிறம் மங்கல், ஓரம் நொறுங்குகிறது, துளைகள் அனுமதித்த அளவுக்கு மேல். ஒரு மதிப்புரையிலும் இவ்வளவு நேர்மையைக் கண்டதில்லை. கீழே சப்ளையர் தரப்பில் குறையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டேன்.

பத்து நாளில் பதிவாளர் கூப்பிட்டார். அந்த நூலகத்திலிருந்து கடிதம். புத்தகம் தேதிக்கு முன்பே வந்துவிட்டது, இவ்வளவு பத்திரமான பேக்கிங்கைப் பார்த்ததேயில்லை என்று பாராட்டிவிட்டு, தங்கள் நூலைக் குறையுள்ளது என்று நிராகரித்தது ஏன் எனப் பணிவோடு கேட்டிருந்தார்கள். சிவப்பு அட்டையின் படமும் கூடவே.

"இது புகாரா, பாராட்டா?" என்றார் பதிவாளர்.

கடிதத்தை வாங்கக் கை நீட்டினேன். அதற்குள் அவர் கண் அட்டையின் மூலையில் இருந்த கம்பெனி முத்திரைக்குப் போய்விட்டது. ஆளெடுக்க வாருங்கள் என்று வருஷக்கணக்காக அவர் கூப்பிடும் கம்பெனி. அவரை ஒருமுறைகூடக் கேட்டுக்குள் விட்டதில்லை.

"நீங்க உள்ள போனீங்களா?"

"ஒரு வாரமா அங்கதான் சார் இருந்தேன்."

நாற்காலியைச் சுட்டினார். என்னை அவர் அதுவரை உட்காரச் சொன்னதில்லை. கோப்பில் தொழிலகத் தொடர்பு என்று தலைப்பிட்டு, உறுப்பினர் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த புத்தகத்தையும் அந்தக் கேட்டுக்கே வரச்செய்யுங்கள் என்றார். மேப் புள்ளியைத் திருத்தச் சொல்லி எழுதத் தயாராக இருந்த எங்கள் நூலகரைத் தடுத்துவிட்டேன்.

போன வாரம் செக்யூரிட்டியிடமிருந்து போன்.

"சார், உன் பொட்டி வந்துகீது. ஷூ எட்டாம் நம்பர் எடுத்து வெச்சிகிறேன்."