லோகா அக்காவும் என் விரலில் ஏறாத சோலோவும்

அலுவலக வேலையாக அந்தமானின் வடக்கே மாயாபந்தர் போயிருந்தேன். அன்றைய கடைசி பஸ் போன பிறகு போன் வந்தது. எங்கள் பேண்டில் கீபோர்டு வாசிக்கும் விஸ்வாஸ். "தாதா, லோகா தீதி நஹி ரஹீ. ஹார்ட் அட்டாக்." லோகா அக்கா இனி இல்லை. மறுநாள் நான் போர்ட் பிளேர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

லோகேஸ்வரியை உங்களில் பலர் கப்பல் டிக்கெட் கவுண்டரில் பார்த்திருப்பீர்கள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். எனக்கு அவர் எங்கள் டிரம்மர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். சனிக்கிழமை மதியங்களில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் அவர் வீட்டு மாடியில் வாசிப்போம்.

கப்பல் வராத நாளைப் பற்றி அவரே ஒரு பாட்டுக் கட்டினார். நடுவில் கிட்டார் தனித்து ஒலிக்கும் ஒரு சோலோ. கிட்டாரைத் தொட்டே அறியாதவர், அதை வாயாலேயே பாடிக் காட்டினார். தாள வேகம் காட்டும் மெட்ரோனோமில் நூற்று நாற்பது. நூற்றிருபதைத் தாண்டினாலே என் விரல்கள் சிக்கிக்கொண்டன. ஒன்றரை மாதம் முட்டி மோதினேன்.

"அரே சேகர், எப்பவும் மொதல்ல இருந்தே தொடங்குற. மொதல் வரி பக்காவா இருக்கு, கடைசி வரி கச்சாவா கெடக்கு. கடைசி வரிய மொதல்ல பிடி, அப்புறம் அதுக்கு முந்தினத சேரு" என்றார். செய்தேன். நூற்று இருபத்தைந்து வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேறொன்று சொன்னார். "நாலே நாலு நோட்டு, முழு வேகத்துல. போதும், நிப்பாட்டு. கைய தளர்த்து. வந்தா அஞ்சாவத சேரு." இருபது தடவை முயன்றேன். இருபது தடவையும் கம்பி மாறும் இடத்தில் பிசகியது. கம்பியை மீட்டும் பிக்கை வீசி எறிந்தேன்.

"ரெண்டு குச்சிய வச்சுக்கிட்டு நீங்க சொல்லிடுவீங்க. வாசிக்கிறது நானில்ல?"

அவர் குச்சிகளைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப சோலோவ எடுத்துடலாமா?" என்று கேட்டார். கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். மூன்று சனிக்கிழமைகள் போகவில்லை. நாலாவது சனிக்கிழமைக்கு அவர் இல்லை.

காரியத்தன்று அவருடைய தங்கை ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். "அக்கா ஒங்களுக்குன்னு பதிஞ்சு வச்சாங்க. நீங்களே வந்து வாங்கிக்கணும்னு அனுப்பல" என்றார். அதில் ஐந்து பதிவுகள். அந்த சோலோவுக்கான டிரம்ஸ் மட்டும், நூறிலிருந்து பத்துப் பத்தாக ஏற்றி நூற்று நாற்பதுவரை.

முதல் நான்கோடும் சேர்ந்து வாசித்துவிட்டேன். ஐந்தாவதில் இன்றும் அதே இடத்தில் விரல் பிசகுகிறது. எரிச்சலில் நிறுத்துகிறேன், மறுபடி போடுகிறேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தப் பதிவுகள்தான். ஐந்தாவதில் மட்டும் டிரம்ஸ் தொடங்குமுன் அவர் குரல் கேட்கிறது: "கோவம் போச்சா? சரி, வா."